குதித்தவரும் நின்றவளும்

சங்கரன்கோவில்
9.12.2024

அன்புள்ள மதினிக்கு,

யோகலட்சுமி எழுதுகிறேன். அரை மணி நேரப் பஸ் தூரத்துக்குக் கடிதமா என்று பனவடலிசத்திரத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள், நான் கத்துகிறேன். இங்கே இருப்பது ஒரே அறை. அனு வீட்டுப்பாட நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூட எழுதாமல், நான் பேசுவதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாம் பேசுவதெல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய பேச்சா? அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. கண்ணன் இப்போது நடப்பதில்லை, ஓடுகிறான். ஓடுகிற வழியில் இருப்பதையெல்லாம் இழுத்துக் கீழே போடுகிறான். "அத்த" என்று ஒரு சொல் வாயில் வந்திருக்கிறது. உங்களைத்தான் கூப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்துவிட்ட சீடை தீர்ந்துவிட்டது. பத்திரம் எழுதும் ஆபீசில் வேலை அதிகம். தை பிறந்தால் பத்திரப் பதிவு கூடும் என்று சங்கரலிங்கம் அண்ணாச்சி இப்போதே என்னைக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க விடுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் தேன்மொழி நேற்று என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். முதல் வருசத்துக்கு அடிக்கப்போகிற பேனராம். நடுவில் உங்கள் தம்பி, எங்கள் கல்யாணப் படத்தில் என்னை வெட்டிவிட்டு. மேலே "மகளைக் காக்கத் தன்னுயிர் தந்த தியாகத் தந்தை கோமதிசங்கர்" என்று சிவப்பு எழுத்து. கீழே ஓரத்தில் அனு கைகூப்பிக்கொண்டு நிற்கிறாள். கிணற்றடியில் இதே வாசகத்தோடு கல் வைப்பதாகவும், அதை அனு கையால் திறப்பதாகவும் எழுதியிருக்கிறது. போனில் விளையாடிக்கொண்டிருந்த அனுதான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நேற்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

மதினி, அந்தப் பிள்ளை பால் வாங்கப் போனால் கடைக்காரர் சொல்கிறார், "உங்கப்பா உனக்காகத்தான்மா செத்தாரு, நல்லாப் படிக்கணும்." குழந்தைகள் தினத்தன்று டீச்சர் அவளை எழுப்பி நிறுத்தி வகுப்பு முழுவதும் கைதட்ட வைத்திருக்கிறார். அவர்களையெல்லாம் விடுங்கள், வெளியாட்கள். தீபாவளிக்கு வந்தபோது, கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினாள் என்பதற்காக நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஏட்டி, உங்கப்பன் உசுரக் கொடுத்தது இந்த நாப்பத்தொண்ணுக்கா?" சொல்லிவிட்டு நீங்கள் மறந்திருப்பீர்கள். அன்றிலிருந்து பிள்ளை படுக்கையை நனைக்கிறாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, தானே போர்வையை அலசிக் காயப்போடுகிறாள். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

முதல் வருசம் கும்பிடுங்கள். ஊருக்கே சோறு போடுங்கள். பேனர் வேண்டாம். அந்த வாசகம் வேண்டாம். அனு கல் திறக்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

கருத்தப்பாண்டி அண்ணனுக்கு வணக்கம் சொல்லவும்.

உங்கள் அன்புள்ள
யோகலட்சுமி

*

பனவடலிசத்திரம்
14.12.2024

யோகலட்சுமிக்கு வள்ளித்தாய் எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. தபால்காரர் "என்ன, சர்க்கார் கடிதமா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எட்டாம் வகுப்பு படித்த கை, உன்னை மாதிரித் தட்ட வராது.

கண்ணனுக்குச் சளி என்று தேன்மொழி சொன்னாள். நீ அதை எழுதவில்லை. என்னிடம் சொன்னால் ஓடி வந்துவிடுவேன் என்று பயமா? ஆடி மாதம் வந்தவள், அதற்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தீபாவளிக்குக்கூட நான்தான் பஸ் ஏறி வந்தேன். இங்கே எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள், நான்தான் பதில் சொல்கிறேன்.

பேனர் வேண்டாம், கல் வேண்டாம் என்கிறாய். அவன் என்ன திருடிவிட்டா செத்தான், மூடி மறைக்க? எங்கம்மா போகும்போது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினைந்து. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் சோறு பொங்கினேன். நான் வளர்த்த பிள்ளை பெற்ற மகளுக்காகக் கிணற்றில் விழுந்து செத்தான் என்று நாலு பேர் சொல்லும்போதுதான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்குகிறது. அதையும் வேண்டாம் என்கிறாய். அப்படியானால் அவன் எதற்குச் செத்தான் என்று எழுத வேண்டும்? நீயே சொல்.

அனு சின்னப் பிள்ளை. இன்றைக்கு அழுவாள், நாளைக்கு என் அப்பா அப்பேர்ப்பட்டவர் என்று தலைநிமிர்ந்து நடப்பாள். படுக்கையை நனைப்பதற்கு மந்திரித்துக் கயிறு கட்டினால் சரியாகிவிடும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. குதித்தவனுக்குக் கல் வைக்கக் கூடாது என்று, கரையில் நின்றவள் சொல்லலாமா? ஊரில் ஒருவர் இதைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது. தை நாலாவது நாள் கண்டிப்பாக வந்து சேர்.

வள்ளித்தாய்

*

சங்கரன்கோவில்
19.12.2024

மதினிக்கு,

அந்த ஊர்க்காரர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. பதில் தெரியவில்லை என்றீர்களே, நான் சொல்கிறேன். பதினொரு மாதமாக யாரும் என்னிடம் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அன்றைக்குக் காலையிலேயே அவர் அனுவை அதட்டினார். "கிணத்துப் பக்கம் போனே, தொலைச்சுப்புடுவேன்." போன வருசம் மார்கழி வெள்ளத்தில் கிணறு நிரம்பி, பத்தடி கீழே தண்ணீர் கிடந்தது உங்களுக்குத் தெரியும். கரும்பு தின்ற கை பிசுபிசுக்கிறது என்று அனு படியில் இறங்கினாள். வழுக்கிவிட்டது. நான் மோட்டார் ரூமுக்கு இந்தப் பக்கம் நின்றேன், இடுப்பில் கண்ணன். சத்தம் கேட்டு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பிள்ளை மோட்டார் பைப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். மதினி, நன்றாகப் படியுங்கள். பைப்பைப் பிடித்திருந்தாள். தலை முழுவதும் தண்ணீருக்கு மேலே இருந்தது. "அம்மா" என்று கூப்பிட்டாள்.

அவர் எதிர்ப்பக்கம் வரப்பிலிருந்து ஓடி வந்தார். "பிள்ளை பைப்பைப் பிடிச்சிருக்கா, குதிக்காதீங்க, கயிறு எடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஓடி வந்த வேகத்திலேயே குதித்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அப்புறம் நான் என்ன செய்தேன்? கண்ணனை இறக்கி வைக்க இடம் தேடினேன். ஒன்பது மாதப் பிள்ளை, தவழ்கிறவன். அந்தக் கிணற்றுக்கு மேலே கைப்பிடிச் சுவர் இல்லை. எங்கே வைத்தாலும் தவழ்ந்து உள்ளே போய்விடுவான். கடைசியில் மோட்டார் ரூமுக்குள் அவனைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்தேன். தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அனு அதே இடத்தில் அப்படியே பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வயல் சுடலைமணி கயிற்றோடு வரும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதுதான் நடந்தது. அவர் அவளைக் காப்பாற்றவில்லை. ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் போதும். இந்த மனுஷன் எதற்குத்தான் ஒரு நிமிஷம் நின்றார்? கேஸ் சிலிண்டர் வந்தால்கூட நான் வருவதற்குள் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்வார். ஊர் அவரைத் தியாகி என்கிறது. எனக்கு அவரை உட்காரவைத்து நாள் முழுக்கத் திட்ட வேண்டும் போல இருக்கிறது. திட்டுவதற்கு ஆள் இல்லை.

இத்தனை நாள் இதை வெளியில் சொல்லாமல் இருந்தது உங்களுக்காகத்தான். உங்களுக்குச் சோறு இறங்கட்டும் என்றுதான்.

நீங்கள் கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். கிணறும் குளமும் இருக்கிற ஊரில் பிறந்த ஆண்பிள்ளைக்கு ஏன் நீச்சல் தெரியவில்லை? கிணற்றுப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று வளர்த்தது யார்? அதையும் அந்தக் கல்லில் வெட்டச் சொல்லுங்கள்.

யோகலட்சுமி

*

சங்கரன்கோவில்
3.1.2025

அன்புள்ள மதினிக்கு,

பதினைந்து நாளாகப் பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. தேன்மொழியிடம் கேட்டால், "அம்மா பேசமாட்டேங்கா அத்தை, சும்மா சும்மா மாட்டுத் தொழுவத்துல போய் நிக்கா" என்கிறாள்.

கடைசியில் எழுதியதை எழுதியிருக்கக் கூடாது. கோபத்தில் கை போய்விட்டது. பத்திரத்தில் ஒரு எழுத்துத் தப்பினாலும் திருத்தல் பத்திரம் போட்டுக்கொள்ளலாம். இதை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. அனுவைப் பற்றியும் என்னைப் பற்றியும் எழுதியது உண்மை. நீச்சலைப் பற்றி எழுதியதும் உண்மைதான், ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒரு சொல் திருப்பி எடுக்க வேண்டியிருக்கிறது. கேட்டு வாங்குகிற நிலையில் நான் இல்லை.

இப்போது ஒரு புதுத் தலைவலி. அனு பொங்கல் லீவுக்கு உங்கள் வீட்டுக்குத் தனியாக வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஏன் என்றால், "அத்தைகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்கிறாள். என்ன என்று கேட்டேன். "உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்." அதட்டினேன், கெஞ்சினேன், ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றேன். வாயைத் திறக்கவில்லை. பெற்றவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் என்ன சொல்லப் போகிறாள்? எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கவில்லை.

போகிக்கு மறுநாள் நானே கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் விடுகிறேன். கல் திறக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன். நானும் கண்ணனும் இங்கேயே சாமி கும்பிட்டுக்கொள்கிறோம். அனுவைத் திறக்கச் சொல்லமாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அனுப்புவேன். ஒரு வரி போதும்.

உங்கள்
யோகலட்சுமி

*

பனவடலிசத்திரம்
7.1.2025

யோகலட்சுமிக்கு,

பிள்ளையை அனுப்பு. திறக்கச் சொல்லமாட்டேன். கல் வந்துவிட்டது, அது நிற்காது.

உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

வள்ளித்தாய்

*

பனவடலிசத்திரம்
17.1.2025, வெள்ளி மாலை

யோகாவுக்கு மதினி எழுதுவது.

காலையிலிருந்து ஐந்து தடவை போன் அடித்துவிட்டேன். சுவிட்ச் ஆப் என்கிறது. இன்றைக்கென்று போனை அணைத்து வைத்திருக்கிறாய். சரி, நீ ஆரம்பித்துவைத்த வழக்கம், எழுதித்தான் தொலைக்க வேண்டும். தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் வரும். உங்கள் கருத்தப்பாண்டி அண்ணன் காலையில் உரம் வாங்கச் சங்கரன்கோவில் வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் எதிரில் பிரிக்காதே, தனியாக உட்கார்ந்து படி.

பத்து மணிக்குத்தான் கல் திறப்பு. எட்டு மணிக்குப் பார்த்தால் அனுவைக் காணோம். கிணற்றடிக்கு ஓடினேன். மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த சுடலைமணி, அவளைத் தனியே விட்டுப் போக மனசு இல்லாமல், மண்வெட்டியோடு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான். கல்லை மூடியிருந்த துணியை அனு விலக்கிப் பார்த்திருக்கிறாள்.

"அத்தை, கல்லுல பொய் எழுதியிருக்கு" என்றாள்.

"என்னட்டி பொய்?"

"அப்பா என்னைக் காப்பாத்தல. நான் பைப்பைப் பிடிச்சிருந்தேன்."

எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. கடிதத்தில் எழுதியது போதாதென்று பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். "யாருட்டி சொல்லித் தந்தா? உங்கம்மாவா?" என்று தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "அம்மாவுக்கு இது தெரியாது" என்றாள். அப்புறம் சொன்னாள். நான் ஒரு சொல்லும் சேர்க்காமல் எழுதுகிறேன்.

"அப்பா குதிச்சு முங்கிட்டாவ. அப்புறம் மேல வந்தாவ, என் பக்கத்துலயே. வாயெல்லாம் தண்ணி. நான் காலை நீட்டி, அப்பா காலைப் பிடிங்கப்பான்னு கத்தினேன். பிடிச்சாவ. பைப்பு பாசியா இருந்துச்சு, என் கை கீழ வழுக்குச்சு. நான் அழுதேன். அப்பா என்னைப் பாத்தாவ. பாத்துட்டு, என் காலை விட்டுட்டு அப்பிடியே சுவரு பக்கமா தள்ளிவிட்டுட்டாவ. அதுக்குப் பிறகு வரல. நான் சொன்ன பேச்சு கேக்காம கிணத்துக்குப் போனேன்ல, அதான் அத்தை. கோவத்துல தள்ளிவிட்டுட்டாவ. அம்மாகிட்டச் சொன்னா, அப்பா கோவமாத்தான் போனாவன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்."

யோகா, ஒரு வருசமாக அந்தப் பிள்ளை இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாம் இருவரும் கல்லுக்கும் பேனருக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

சுடலைமணிதான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான். "ஏ பிள்ள, இங்கன பாரு. நான் இந்த ஊருல ஏழு பேரைத் தண்ணியில இருந்து எடுத்திருக்கேன். முங்குதவன் கையில துரும்பு அகப்பட்டாலும் விடமாட்டான். காப்பாத்தப் போனவனையே உள்ள இழுத்திருவான். அவன் புத்தியில அது கிடையாது, கை தானா பிடிக்கும். உங்கப்பன் கையில உன் காலு இருந்துச்சு. விடாமப் பிடிச்சிருந்தா அவன் பிழைச்சிருக்கலாம், இல்லன்னா ரெண்டு பேரும் போயிருக்கலாம். உன் கை வழுக்குததைப் பாத்தான், விட்டான். விட்டது மட்டுமில்ல, நீ மறுபடியும் நீட்டிரக் கூடாதுன்னு தள்ளிவிட்டிருக்கான். கோவத்துல எவனும் அப்பிடிச் செய்ய முடியாது தாயி."

அனு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிசமாவா?" என்றாள். "உங்கப்பன் மேல ஆணையா" என்றான். அதற்குப் பிறகுதான் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. அப்பன் செத்த அன்றைக்குக்கூட அவள் அழவில்லையே, நினைவிருக்கிறதா? மடியில் போட்டுக்கொண்டு நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் வந்தார்கள், மைக் செட்காரன் வந்தான், நாங்கள் எழுந்திருக்கவில்லை.

நீ எழுதியது சரிதான், அவன் குதித்ததால் அவள் பிழைக்கவில்லை. அவன் விட்டதால் பிழைத்தாள். நான் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு குதித்ததைக் கொண்டாட இருந்தேன். விட்டதை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

திறப்பு விழாவெல்லாம் இல்லை. சோறு போட்டு அனுப்பிவிட்டேன். ஊரில் என்ன பேசுகிறார்களோ பேசட்டும், உங்கள் அண்ணன் இரண்டு பேரோடு சண்டைக்கே போய்விட்டார். கல்லை என்ன செய்யட்டும் என்று அனுவிடமே கேட்டேன். "அப்பா பேரு இருக்கட்டும் அத்தை. நான் வேண்டாம்" என்றாள். கல் வெட்டுகிறவனை வரச்சொல்லியிருக்கிறேன். பேரையும் தேதியையும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுத்துவிடுவான்.

நீச்சலைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவனுக்கு எட்டு வயதில் ஒரு நாள் ஈரத்தலையோடு வந்தான். பையன்களோடு கிணற்றில் இறங்கியிருக்கிறான். பனமட்டையால் அடித்தேன். முதுகில் ஒரு தழும்பு இருக்குமே, முள் கிழித்தது என்று உன்னிடம் சொல்லியிருப்பான். அது நான் போட்டது. அம்மா இல்லாத பிள்ளை, தண்ணீரில் போய்விடக் கூடாது என்றுதான் அடித்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த மட்டை என் கையிலேயே இருக்கிற மாதிரி இருக்கிறது. நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். வேண்டாம். நீ சொல்லாவிட்டாலும் அது எனக்குத் தெரிந்ததுதான்.

உன்னைப் பற்றிச் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். ஊரில் ஒருவர் கேட்டதாக எழுதினேன். யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். இன்றைக்கு ஆட்கள் போன பிறகு, நீ எழுதியிருந்தபடி அந்தக் கிணற்றைச் சுற்றி நடந்து பார்த்தேன். தவழ்கிற பிள்ளையை இறக்கிவைக்க ஒரு முழ இடம் இல்லை. அன்றைக்கு நீயும் குதித்திருந்தால், இன்றைக்கு நான் யாருக்கென்று அழுதிருப்பேன்? கண்ணன் என்னை அத்த என்று கூப்பிடுகிறான் என்று எழுதினாயே, அந்த வாயே இருந்திருக்காது. நின்றாயே, அது போதும்டி.

அனு இரண்டு தட்டுச் சோறு தின்றுவிட்டு, தேன்மொழி மடியில் காலைப் போட்டுக்கொண்டு டிவி பார்க்கிறாள். உன்னிடம் தானே சொல்ல வெட்கமாக இருக்கிறதாம், "அத்தை, நீங்களே எழுதிருங்க" என்றாள். அவள் வந்ததும் எதுவும் கேட்டுக் குடையாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். திங்கட்கிழமை போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் வருவேன், நீ இருக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு
வள்ளித்தாய் மதினி